வாசலில் நின்ற தேதி

கடிதம் எண்: 1
புதுப்பட்டினம், 9.3.2025, ஞாயிறு, காலை 6.40

அன்புள்ள மகளுக்கு,

இணைய வரைபடத்தில் நம் தெருவின் படத்தை நேற்றுதான் முதன்முதலாகக் கண்டேன். நம் வாசற்கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெண் நிற்கிறாள். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். இருந்தாலும், இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி நிற்பது நீதான்.

13.6.2016 அன்று நீ தேவாலயத்தில் மணம் புரிந்தபோது, "என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே" என்றேன். நீ மிதிக்கவில்லை.

படத்தில் "மே 2022" என்று மட்டுமே உள்ளது. தேதி என்ன? எவ்வளவு நேரம் நின்றாய்? கோவிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

உன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வெயில்ல நிக்குதுங்க, போய் கதவத் தொறங்க" என்றாள்.

இப்படிக்கு,
அப்பா

இணைப்பு:
1. அந்தப் படத்தின் அச்சுப் பிரதி
2. வாசற்கதவின் சாவி