சொளகில் குலுக்கிய கோடிட்ட இடங்கள்

என் பிரியமுள்ள மதினிக்கு,

அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்த டீச்சர் நாற்காலியில் உட்காரும்போது எனக்கு இன்னமும் கொஞ்சம் திமிர் வரத்தான் செய்கிறது. வரட்டுமே, சும்மாவா கிடைத்தது?

பத்தாம் வகுப்பு தேறாமல் இந்த வேலை இல்லை. நானோ இங்கிலீஷில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டவள். மூன்றாவது தடவை, கைடில் இருந்த கோடிட்ட இடங்களுக்கான விடைகளை வரிசையாக உருப்போட்டுக்கொண்டு போனேன். வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. ரிசல்ட் வந்த அன்று, "பரீட்சைக்காரக வரிசைய மாத்திப்பிட்டாக மதினி" என்று நான் அழுத அழுகைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கோபத்தில், இனி திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து உங்கள் பழைய மார்க் ஷீட்டை எடுத்துக் காட்டினீர்கள். இங்கிலீஷில் ஃபெயில். முதல் தடவையிலேயே தேறிய மருமகள் என்று எங்கள் வீடே பீற்றிக்கொண்டிருந்தது உங்களைத்தான்! "நானும் ரெண்டாந்தடவ எழுதித்தான் பாஸானேன். ஒங்க அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிப்பிடாத ஆத்தா" என்றீர்கள். எவ்வளவு பயந்திருந்தால் அத்தனை வருடம் ஒளித்து வைத்திருப்பீர்கள்? எனக்காக அல்லவா வெளியே எடுத்தீர்கள்.

மறுநாளே கைடைத் தூர எறிந்துவிட்டு நீங்களே வாக்கியங்கள் எழுதினீர்கள். குமுளி பஸ், ஏலக்காய் எஸ்டேட் ஜீப், அண்ணனின் குறட்டை எல்லாம் இங்கிலீஷில் வந்தன. ஒவ்வொன்றையும் துண்டாக நறுக்கி, அரிசி புடைக்கிற சொளகில் போட்டுக் குலுக்குவீர்கள். கைக்கு வந்ததை எடுத்துப் படித்து, 'டேஷ்' வரும் இடத்தில் என்ன வரும், ஏன் வரும் என்று நான் சொல்ல வேண்டும். "ஏன்னு சொல்லலைன்னா சோறு கெடையாது" என்பீர்கள். ஒருநாளும் என்னைப் பட்டினி போட்டதில்லை.

நாலாம் முறை தேறினேன். வேலை உத்தரவு வந்த அன்று நீங்கள் தெருவெல்லாம் சீனி கொடுத்தீர்கள்.

இப்போது ஒரு சேதி. உங்கள் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெட்டியைத் திறந்த அண்ணன் கையில் அந்த மார்க் ஷீட் அகப்பட்டது. நான் பதறிப் போனேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவுக அப்பா சொல்லிட்டாக. அவளாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் ஏன் மதினி இப்படி இருந்தீர்கள்?

மறுவாரம் சின்னமனூர் போய் அதை லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.

இங்கிலீஷில் தேறாத ஐந்து பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வருகிறார்கள், தோட்ட வேலை முடித்த கையோடு. சொளகைக் குலுக்கும் முன் உங்கள் மார்க் ஷீட்டைத்தான் காட்டுகிறேன். "இது யாரு டீச்சர்?" என்று கேட்டால், "எங்க மதினி" என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கு வருகிற பெருமையை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் சத்தியம் மதினி. உங்களுடையது இனி தனியாக இருக்காது. என் ஃபெயில் மார்க் ஷீட்டுகள் மூன்றையும் வருகிற சனிக்கிழமை லேமினேஷனுக்குக் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் நாத்தனார்,
செல்வி