தலை போன குழந்தை இயேசு

6.10.1995, வெள்ளி

இங்கே இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் மகன் நாளை ஓர் அயர்லாந்துப் பெண்ணைக் கட்டுகிறான். இன்று பின்னேரம் பல்கனியில் குழந்தை இயேசு சுரூபம் தனியாக நின்றது. மழை இருட்டு. யாரோ மறந்துவிட்டார்கள், ஆண்டவர் நனையப்போகிறார் என்று ஓடிப்போய்த் தூக்கினேன். கைதவறி விழுந்து தலை தனியாகப் போய்விட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

சத்தம் கேட்டு வந்த மணப்பெண் என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். அவள்தான் அதை அங்கே வைத்தாளாம்; அவள் ஊர் வழக்கப்படி கலியாணத்துக்கு முதல்நாள் சுரூபத்தை வெளியே வைத்தால் மழை வராதாம். தலை தற்செயலாக உடைந்தால் இன்னும் அதிர்ஷ்டமாம். சிஞ்ஞோராவிடமும் அதையே சொல்லி, தலையில்லாமலே திரும்ப வெளியில் வைத்தாள்.

"அது உம்மைக் காப்பாத்தச் சொன்ன பொய்யப்பா" என்கிறார் வீட்டில் இவர், என் மனுசன்.

பொய்யென்றால் அவளை எனக்கு இன்னும் பிடிக்கும். வெளியே காற்று எழும்பிவிட்டது. ஆண்டவரே, தலையை உடைத்தவள் கேட்கிறாள் என்று பாராமல், நாளைக்கு மட்டும் மழையை மறியும்.