அப்பா ஒரு படம் சேர்த்திருக்கிறார்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்களை அடக்கம் செய்துவிட்டுக் குன்னூருக்குத் திரும்பிய வாரம், பேக்கரியில் கேக் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் ஓர் அறிவிப்பு வந்தது: "அப்பா ஒரு படம் சேர்த்திருக்கிறார்." திறந்தால், தேவாலா தேயிலை எஸ்டேட்டில் நம் லயத்து வீட்டு வாசலும் ஓர் ஈரக் குடையும்.

அம்மா எடுத்த படம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கூடலூரில் அம்மாவுக்குப் போன் வாங்கியபோது தனிக் கணக்கு வேண்டாம் என்று அடம்பிடித்தீர்களே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போதும்போது இதற்கு மட்டும் ஆளுக்கொன்று எதற்கு என்றீர்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே உங்கள் கணக்கையே அதிலும் போட்டுக் கொடுத்தார். அதனால் அம்மா எதை எடுத்தாலும், இணையத்தில் நம் மூவருக்கும் பொதுவாக நான் வைத்த ஆல்பத்தில் உங்கள் பெயரில்தான் ஏறுகிறது.

எஸ்டேட்டுக்குள் சிக்னல் கிடையாது. அம்மா பஸ் நிறுத்தத்துக்கு வரும்போதுதான் படங்கள் மொத்தமாக வந்து விழும். கொழுந்துக் கூடை, ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த குண்டான், ஒற்றைத் தட்டில் சோறு. வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பார்ப்பேன், ஒரு ஹார்ட் போடுவேன், பிறகு அழுவேன். அனுப்புவது நீங்கள் இல்லை என்று தெரிந்தும் ஏன் அப்பா மனசு கேட்கமாட்டேன் என்கிறது?

தாங்க முடியாமல், போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். தனிக் கணக்கு திறந்து தருகிறேன் என்று போனைக் கேட்டால், அம்மா அதை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். உங்கள் படங்கள் போய்விடும் என்று பயப்படுகிறாள் போல என நினைத்து, ஒன்றும் அழியாது என்று பொறுமையாக விளக்கினேன்.

"அதுக்கில்ல புள்ள. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து நான் கூப்பிட்டா, வேலையா இருக்கேன்னு வச்சிடுற. அப்பா பேர்ல போனா ஒடனே பாத்து ஹார்ட்டு போடுறியே."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கை மாற்றவில்லை அப்பா, உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆனால் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன்: இனி அம்மா கூப்பிட்டால், மாவுக் கையோடாவது எடுப்பேன். என்னிடம் பேச அவள் இனி உங்கள் பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் மகள்,
அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே துணை,
செல்வி