கண்டக்டர் இல்லாமல் போன இண்டர்வியூ

மாப்ள,

இன்று காலை அயர்லாந்து மழையில் ஒரு மாடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டுக்காரி பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள். அவ்வளவுதான், அந்த வாசனை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, ஏழு கடலையும் ஒரே தாவலில் தாண்டி, சின்னமனூர் ஸ்டாப்பில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே நீ பின்படியில் தொங்கிக்கொண்டு, வாழைத்தாரோடு ஏறியவரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாய். "ஏலே, தாருக்கும் ஒரு டிக்கெட் எடு. ஒன்னைய விட அதுதான் நல்லா சாஞ்சு ஒக்காந்திருக்கு!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தால், கண்டக்டர் இல்லாத பஸ். நிஜமாகத்தான் சொல்கிறேன், இந்த தேசத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. டிரைவரே காசு வாங்கி, டிரைவரே வழி சொல்லி, சண்டை போடக்கூட ஆளில்லாமல் ஓட்டுகிறான். பார்க்கவே பாவமாக இருந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு தேனி–குமுளி ரூட்டில் நான் ஓட்டிய கடைசி மாதங்கள் அப்படித்தான் இருந்தன. புதுக் கண்டக்டர் நல்ல பையன்தான். ஆனால் கொஞ்சம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன்.

நான் போய்க்கொண்டிருந்தது ஒரு பஸ் டிப்போவுக்கு. பஸ் கழுவுகிற வேலைக்கு இண்டர்வியூ. சிரிக்காதே. லோயர் கேம்ப்புக்கு மேலே இருக்கும் குமுளி மலையைச் சுருட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டிய இந்த மகாரதனுடைய லைசென்ஸ், இங்கே மளிகைக்கடை ரசீதுக்குச் சமம். புதிதாகப் பரீட்சை எழுதி வாங்கும்வரை வேறு வேலை பார்க்க வேண்டும். உன் அக்கா ஆஸ்பத்திரியில் நர்சாக நின்று நின்று, வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிடுகிறாள். நான் சோறாக்கி வைத்துக்கொண்டு ஜன்னலில் மழையை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவளையும் மகளையும் இங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏற்கனவே இரண்டு இடத்தில் தோற்றாயிற்று. இரண்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

எப்படிச் சொல்வது? நம் பக்கம் பெண் கேட்கப் போனாலும் வேலை கேட்கப் போனாலும் கூட ஒருத்தன் வருவான். பேசுவது அவன் வேலை, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது நம் வேலை. உனக்குப் பெண் கேட்டுத் தேவாரம் ஊருக்குப் போனபோது நான்தானே பேசினேன்? "மாப்பிள்ளை வெரலு பட்டா டிக்கெட்டு தானாக் கிழியும், சில்லறை தானாக் குதிச்சு வரும்" என்று நான் அளந்ததில் உன் மாமனார் மிரண்டுபோய்ப் பெண்ணைக் கொடுத்தார். அதற்கு ஈடாக அல்லிநகரத்தில் பஸ் முதலாளி முன்னால் நீ எனக்குப் பேசினாய்.

"மொதலாளி, எங்க மாமா வளைவுல வண்டியத் திருப்புறாகன்னா, மடியில இருக்குற பால் சொம்புல ஆடை கூட அசையாது. தூங்குற பிள்ளை குமுளியிலதான் முழிக்கும். அதுவும் நான் எழுப்புனாத்தான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

"ஏதோ ஓட்டுவேன் மொதலாளி."

அந்த அடக்கத்துக்கே வேலை கிடைத்தது. இங்கேயும் அதையே சொன்னேன், "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்று. அப்படியே நம்பிவிட்டார்கள் மாப்ள!

இன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நரைத்த தலை அம்மாவும், ஒரு முறைத்த முகத்து சூப்பர்வைசரும் இருந்தார்கள். அதே கேள்வி. என் கழுத்து தன்னால் வலப்பக்கம் திரும்பியது. காலி நாற்காலி.

"யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா?" என்றாள் அந்த அம்மா.

"என் கண்டக்டரை" என்று உளறிவிட்டேன். உளறிய பிறகு விளக்கித்தானே ஆக வேண்டும்? நம் ஊர் வழக்கத்தை என் ஓட்டை இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "சரி, அவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்றாள்.

மாப்ள, அணை உடைந்தது! எழுந்து நின்று, இல்லாத தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "மேடம், இந்த மனுசர் பஸ் கழுவினால் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஊரே தலை சீவும். சனிக்கிழமை குச்சனூர் கோயில் கூட்டம் ஏறி இறங்கிய வண்டியை அரை மணியில் கல்யாணப் பெண்ணாக்கிவிடுவார். பழைய வண்டி இவர் கை பட்டதும் தன் வயசையே மறந்துவிடும்." முறைத்த முகம்கூடப் பல்லைக் காட்டியது.

"இதில் எவ்வளவு உண்மை?" என்றாள்.

"பாதி மேடம். வண்டியைத் தினமும் நாங்கள் இரண்டு பேருமே கழுவினோம். ஓட்டியதில் ஒரு ஆளையும் காயப்படுத்தியதில்லை. மற்றதெல்லாம் கண்டக்டர் சேர்த்தது."

சூப்பர்வைசர் பேனாவை எடுத்தான். "அவருடைய போன் நம்பர் கொடுங்கள். விசாரிக்க வேண்டும்."

உன் நம்பர் எனக்கு மனப்பாடம். வாய் வரை வந்துவிட்டது. "அவர் போன வருசம் இறந்துவிட்டார்" என்றேன்.

அந்த அம்மா அவன் பேனாமேல் கையை வைத்து, "வேண்டாம். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், நான் கேட்டுவிட்டேன்" என்றாள். பிறகு என்னிடம், "திங்கட்கிழமை வந்துவிடுங்கள்" என்றாள்.

வெளியே வந்து அந்த மழையில் நான் போட்ட ஆட்டத்தில் அயர்லாந்து ஒரு முழம் கீழே இறங்கியிருக்கும். உன் அக்காவைக் கூப்பிட்டேன்.

"கிடைச்சிருச்சா? நெசமாவா? அங்கன ஒங்களுக்கு யாருங்க பேசுனாக?"

"ஒன் தம்பிதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். "அவனா? அப்ப நாலு பங்கு கூட்டித்தான சொல்லிருப்பான்!"

அதுதான் மாப்ள இப்போது என் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் ஊர் தலை சீவும் என்று சொல்லிவிட்டாய். கல்யாணப் பெண் என்று சொல்லிவிட்டாய். அந்த அம்மாவும் உன்னை நம்பித்தான் எடுத்திருக்கிறாள். பாதியை நாம் ஏற்கனவே செய்துவிட்டோம். திங்கட்கிழமையிலிருந்து மீதிப் பாதியையும் நான் ஒருத்தனே உண்மையாக்கியாக வேண்டும்.