ஜாக்கியில் நின்றபோது எடுத்த அளவு

ஜனவரி 9, வெள்ளி

இதில் எழுதுவது தப்பு. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இது அலுவலகம் கொடுத்த அளவுப் புத்தகம். கால்வாய் மதகுகளின் உயரம், தண்ணீர் மட்டம் இதைத்தான் எழுத வேண்டும். நான் கடைசிப் பக்கத்திலிருந்து என்னைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். வாயால் சொல்ல வராததை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்பாவின் சக்கரங்கள் இன்று வந்தன. நான்கு பெட்டிகள். இருபத்தாறு இஞ்ச். 1972 கட்லஸ் அது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அதற்கு இருந்தவை பதினான்கு இஞ்ச். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கிய கார். கரும்பாலை மூடியிருக்கும் மாதங்களில் எல்லாம் அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார். சுற்றுவட்டாரத்தில் இப்படி ஓர் இன்ஜின் சத்தம் கிடையாது. இப்போது ஊரே செய்வதுபோல அதையும் உயர்த்தி, மினுங்குகிற பெரிய சக்கரம் மாட்டி, கறுப்பினத் தலைவர் கிங் நினைவு நாள் ஊர்வலத்தில் ஓட்ட வேண்டும் அவருக்கு.

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மேகன் இந்த மாதிரி ஒரு காரின் படத்தைக் காட்டி, "குழந்தை அப்பா செருப்பைப் போட்டுட்டு நடக்குற மாதிரி இல்ல?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒன்று நிற்கப்போகிறது என்று சொல்லவில்லை.

சக்கரம் வரவழைக்க அளவெடுத்தவள் நான்தான். நவம்பரில், வாசலில், கார் ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தபோது. மேகன் வீட்டுக்குப் போகிற நேரம் அது. எங்கள் தெரு வழியாகத்தான் போவாள். அவள் பார்த்துவிடக் கூடாது என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். காரைத் தரையில் இறக்கியதும் மறுபடி அளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அளக்கவில்லை.

ஜனவரி 10, சனி

ஓடெல் கடைக்கு அப்பாவோடு போனேன். ஊரில் பாதிப் பேருக்குச் சக்கரம் மாட்டுவது அவர்தான். நான் அளவு எழுதிய தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நிஷா, இது கார் ஜாக்கியில நிக்கும்போது எடுத்ததா, தரையில நிக்கும்போதா?"

அப்பா குறுக்கே விழுந்தார். "யோவ், அவ இன்ஜினியரு! நீ அவளுக்குப் பாடம் எடுக்கிறியா?"

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

"தரையில," என்றேன். "ஆள் உக்காந்தா எவ்வளவு இறங்கும்னும் கணக்குப் போட்டாச்சு."

எவ்வளவு சரளமாக வந்தது.

ஜனவரி 17, சனி

மாட்டியாயிற்று. சிவப்பு கட்லஸ் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. அப்பா எட்டு முறை சுற்றிவந்தார். "நல்லாருக்கா?" என்றார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம். வெயிலில் சக்கரம் திரும்பும்போது தண்ணீர் ஓடுவதுபோல இருக்கிறது.

ஊர்வலத்தில் எங்கள் தேவாலயச் சபையின் மூத்த தாய்மார் மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றிப் போகிறார். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. அவர்களில் ஒருவர் மிஸ் வெர்லீன். பார்க்க வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுறதுக்கு ஏணி தருவியா ஹார்லன், இல்ல பரலோகத்துலேருந்து யாராவது தூக்கிவிடுவாங்களா?" என்று கேட்டார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மிஸ் வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் இருந்தவர். என் தட்டில் கேட்காமலே இன்னொரு ரொட்டி வைப்பார். என் பட்டமளிப்புக்கு நான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்தார். யாரும் கை தட்ட வேண்டாம் என்று மேடையில் சொல்லியும், என் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "அது எங்க பொண்ணு!" என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன்?

ஜனவரி 19, திங்கள்

ஊர்வலத்தில், தண்டவாளத்தைத் தாண்டி கார் இறங்கிய இடத்தில் அது நடந்தது. எல்லோரும் கூடி நிற்கிற இடம். முதலில் ஒரு கிறீச். பிறகு ரப்பர் புகை. இடது பின்பக்க மட்கார்டின் விளிம்பை டயர் பிடித்து வெளியே உரித்துவிட்டது, டப்பாவின் மூடியைத் திறப்பதுபோல. டயர் வெடித்தது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அம்மாவோடு நடைபாதையில் நின்றிருந்தேன். பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. ஜாக்கியில் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்கும். மேலே இடம் நிறைய இருப்பதுபோலத் தெரியும். அந்த இடத்தைத்தான் நான் அளந்திருக்கிறேன். ஆள் ஏறினால் காரின் உடம்பு இறங்கும். இறங்கினால் இடமில்லை.

வருடாவருடம் ஊர்வலத்துக்கு மைக் பிடிப்பது முடிதிருத்தும் கடைக் குவின்டன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அடடா, கட்லஸ் மண்டி போட்டிருச்சே! பிரேக் போட்டது ஹார்லன் இல்லங்க, பின்னாடி மிஸ் வெர்லீன்! காலையில எத்தனை பிஸ்கட் உள்ள போச்சு?"

தெரு முழுக்கச் சிரிப்பு. சின்னப் பிள்ளைகள் வரைக்கும். எல்லோர் கையிலும் போன்.

மிஸ் வெர்லீன் விடவில்லை. ஜன்னல் வழியாகவே பதில் கொடுத்தார். "அஞ்சுடா. உங்கம்மா சுட்டது. அதான் செங்கல்லு கனம்!"

அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவர் மெதுவாக இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் செருப்போடு வீட்டுப் பக்கம் நடந்து போனார். கரும்பு எரிக்கிற சாம்பல் அவருடைய வெள்ளை முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

எனக்கும் அவருக்கும் நடுவே பதினைந்து அடிகூட இல்லை. வாயைத் திறந்திருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஒரு மதகு அறிக்கையில் 'தாங்கும் எடை' என்று மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

சபைக்கு மிஸ் வெர்லீன் வரவில்லை. அந்த வீடியோவை ஊரில் பார்க்காதவர் இல்லை. யாரோ அதற்குப் பாட்டு வேறு சேர்த்திருக்கிறார்கள்.

வாசலில் நின்று அப்பா ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு பேரை ஏத்தினது என் தப்பு. கனம் பாத்து ஏத்தியிருக்கணும். எம்பொண்ணு கணக்கு தப்பாப் போகாது."

பக்கத்திலேயே நின்று வேதாகமத்தைப் பையில் வைப்பதுபோல் நடித்தேன். வைக்க இரண்டு நிமிடம் ஆயிற்று.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்று வந்தார். நடந்து வந்தார், ஒன்றரை மைல். சபை வேன் அவர் வீட்டு வாசலில் நின்றதாம். "வேணாம்ப்பா, உன் ஸ்பிரிங்கு போயிடும்," என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாராம். அம்மா சமையலறையில் இதைச் சொல்லிவிட்டு, "சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க," என்று இன்னொரு முறை சொன்னாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

வேலை முடிந்து ஓடெல் கடைக்குப் போனேன். கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி மனிதர். "அந்தப் பக்கம் பாரு," என்றார்.

கிழியாத வலது பக்கம். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை.

"நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன்," என்றார் உள்ளேயிருந்து. "உங்கப்பனும் நீயும் மட்டும் போயிருந்தாலும் அந்தத் தண்டவாளத்துல உரசியிருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கேட்டேன்ல அன்னிக்கு? நீ தரையிலன்னு சொன்ன. நானே ஒருதரம் அளந்து பாத்திருக்கணும். காலேஜ் படிச்ச பொண்ணைப் போய் என்னத்த சந்தேகப்படுறதுன்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"நான் சொன்னா கோள் மூட்டுறது. நீ சொன்னாதான் சொல்றது."

பிப்ரவரி 8, ஞாயிறு

மிஸ் வெர்லீன் வீட்டுக்குப் போனேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தார். "வா கண்ணு, இளைச்சுட்டே," என்றார். ஒரு தட்டு கையில் கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றி சொன்னேன். வந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்!

பிப்ரவரி 12, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். ஆலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு பூட்ஸ் காலில், ஒன்று கையில்.

கார் கிழிந்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் சபை வாசல்ல நின்னு கனம் கனம்னு பேசிட்டிருந்தேன். நீ பக்கத்துல நின்னே."

"ஆமாப்பா."

"எனக்குப் பின்னாடி அந்தம்மாவோட அக்கா நின்னுச்சு நிஷா. எல்லாம் காதுல விழுந்திருக்கும்."

பிறகு: "அளவு தப்பாப் போறது எல்லாருக்கும் போகும். நான் எத்தனை இன்ஜினைக் கெடுத்திருக்கேன். நீ ஏன்... என்னத்தச் சொல்ல."

இன்னொரு பூட்ஸையும் கழற்றாமலே எழுந்து வெளியே போனார்.

பிப்ரவரி 14, சனி

சொல்லிவிட்டேன். உள்ளே போகவில்லை. வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். உள்ளே போனால் தட்டு வந்துவிடும்.

ஜாக்கி, தரை, ஓடெல் கேட்டது, நான் பொய் சொன்னது, எல்லாம். ஓடெல் ஒருவர் உட்கார்ந்தாலே இடமில்லை என்பதையும்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

"நான் குண்டுன்னு எனக்குத் தெரியும்டி. என் வீட்லயும் கண்ணாடி இருக்கு. குவின்டனுக்கு நான் பதில் சொல்லிக்குவேன், அவனுக்கு டயப்பர் மாத்துனவ நானு. ஆனா நான் நம்பிட்டேன் பாரு. ஹார்லனோட காரை நாந்தான் ஒடைச்சேன்னு நம்பிட்டேன். ஒரு மாசமா எந்த நாற்காலியா இருந்தாலும் கையை ஊணி, தாங்குமான்னு பாத்துட்டுத்தான் உக்கார்றேன். எங்கூட்டு நாற்காலியிலயே."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"தெரு முழுக்கச் சிரிச்சாங்க. இப்ப எங்கிட்ட மட்டும் காதோட வந்து சொல்றே. இதை வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

"போ, கண்ணு. இப்ப போ."

மன்னிப்புக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான். கேட்டால் கொடுத்துவிடுவார், அப்படிப்பட்டவர். கொடுத்துவிட்டால் எனக்கு எல்லாம் முடிந்துவிடும். அவர் மட்டும் நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மாலையில் கார் கழுவுகிற இடத்தில் எல்லோரும் கூடுவார்கள். இருபது கார் இருக்கும், எல்லாம் உயரமானவை. பாட்டு, பொரித்த சங்குக்கறி உருண்டை, குவின்டனும் அவன் மைக்கும்.

அப்பாவும் கூட வந்தார். வர வேண்டாம் என்றேன். "நான் ஒண்ணும் சொல்ல வரல, சும்மா நிக்க வர்றேன்," என்றார்.

மைக்கைக் கேட்டேன். குவின்டன் கொடுத்துவிட்டான்; நான் பேசப்போகிறேன் என்பதே அவனுக்குப் பெரிய வேடிக்கை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்க்காமலே சொன்னேன்.

"கட்லஸை ஒடைச்சது மிஸ் வெர்லீன் இல்ல. நான். ஜாக்கியில நிக்கும்போது அளந்துட்டு, தரையில அளந்தேன்னு சொன்னேன். ஓடெல் ஒருத்தர் உக்காந்தாலே உரசும். அளந்து பாத்தாச்சு. அந்த வீடியோ வச்சிருக்கிறவங்க தயவுபண்ணி எடுத்துடுங்க."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

குவின்டன் மைக்கை வாங்கிக்கொண்டான். "அப்ப அந்த டிகிரியைத் திருப்பிக் குடுத்துடு! டேப்புல முதல் நம்பர் எதுன்னு சொல்லிக் குடுக்கலையா அங்க?"

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அது, ஊர்வலத்தில் கேட்ட அதே சிரிப்பு. நகராமல் நின்று முழுவதும் கேட்டேன். முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் எரிந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கு. அவர் ஜன்னல் வழியாகப் பதிலுக்கு ஒரு ஜோக்கும் சொன்னார். எனக்கு அது வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் குவின்டன் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்தான். "நான் நாளைக்குக் கடை தெறக்கிறதுக்கு முன்னாடி அவங்க வீட்டுக்குப் போறேன்," என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

ஓடெல் மட்கார்டை நேராக்கிவிட்டார். பெரிய சக்கரத்தை அப்பா விடவில்லை, அகலம் குறைந்ததாக மாற்றிக்கொண்டார். இந்த முறை நான் மட்டும் அளக்கவில்லை. பின்சீட்டில் ஏழு மூட்டை சிமெண்ட். டிக்கியில் இரண்டு. அப்பா ஓட்ட, ஓடெல் தரையில் படுத்துப் பார்க்க, தண்டவாளத்தைப் பத்துத் தடவை தாண்டினோம்.

"உன் கணக்கை நம்புறேன்," என்றார் அப்பா. "ஆனா சிமெண்ட்டைக் கொஞ்சம் கூட நம்புறேன்."

ஒரு மாதத்தில் என்னிடம் அவர் செய்த முதல் கிண்டல்.

மார்ச் 22, ஞாயிறு

மிஸ் வெர்லீன் சபை வேனில் வந்தார். டிரைவர் பக்கத்து சீட்டில். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து அப்பா காரை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா முன்னால், நான் பின்னால். மிஸ் வெர்லீன் படியிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். மஞ்சள் தொப்பி. வேன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டுதான் இருந்தது.

"ஹார்லன், வீட்ல கொண்டு விடுவியா? இல்ல உன் காரு படம் புடிக்க மட்டுந்தானா?"

அப்பா இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தார். மிஸ் வெர்லீன் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சீட்டில் கையை ஊன்றவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊன்றவே இல்லை, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தொப்பென்று உட்கார்ந்தார்.

தண்டவாளம் வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார். ஏறினோம், இறங்கினோம். இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அவர் வீட்டு முனை வந்துவிட்டது. இதற்குமேல் தள்ளிப்போட இடமில்லை.

"மிஸ் வெர்லீன், ஒண்ணு கேக்கணும். இன்னிக்கே பதில் சொல்ல வேணாம். உங்களால முடியும்போது... என்னை மன்னிப்பீங்களா?"