கெடும்ப நார்

மடுல்சீமை

அன்பு மகள் ஜெசீகாவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் தம்பி ரொஷானும் சுகமாக இருக்கிறோம், ஜோர்தான் குளிரில் நீயும் சுகமாக இருக்கச் செபிக்கிறேன். தம்பிக்கு இருமல் நின்றுவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, பிறர் சொல்லி நீ அறியவும் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

பக்கத்து லயத்து வீட்டுத் தனுஜா இறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டிவிட்டது. மண்சரிவில் போன பாதையை இன்னும் போடவில்லை, லொறி சந்தியோடு நின்றுவிடுகிறது. அவள் புருஷன் தினேஸும் கந்தப்பன் அண்ணனும் நானும் கம்பில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, மாற்றி மாற்றித் தூக்கிப்போனோம். சரிவைக் கடக்கும்போது நைலோன் கயிறு அறுந்தது. அந்த மண்சரிவில் புதைந்த உன் அம்மா இன்னும் மண்ணுக்குள் கிடக்கிற அதே இடம். அவளுக்கு நட்ட சிலுவையைச் சுற்றி முளைத்த கெடும்ப மரங்கள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. ஒன்றையும் வெட்ட விடாதீங்க அப்பா என்று நீ அழுத நாளிலிருந்து நான் யாரையும் அங்கே கத்தி வைக்க விட்டதில்லை, விறகுக்கு வந்த கந்தப்பனையே ஏசி அனுப்பியவன். கயிற்றுக்கு நார் உரிக்க வேறு மரம் கிட்டத்தில் இல்லை. தினேஸ் கத்தியோடு என் முகத்தைப் பார்த்தான், நான் சிலுவைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். லயத்துக்குப் போய்க் கயிறு கொண்டாறேன் என்று கந்தப்பன் ஓடினார். தனுஜாவுக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. மாமா, அத்தை இருந்தா இந்நேரம் உரிச்சிருக்கும் என்று தினேஸ் சொன்னான். அதற்குப் பிறகுதான் வெட்டினேன்.

அடியில் கீறி இழுத்தால் பட்டை நீளமாக வரும், மேல்தோலைக் கத்தி முதுகால் வழித்துவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளை நாரை இரண்டு பிரியாக முறுக்க வேண்டும். அம்மா விறகு கட்டியது அப்படித்தான். அந்த நார் சந்தி வரை அறவில்லை. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்.

தினேஸ் என்னை ஏசவில்லை. என் வாசல் பக்கம் வருவதுமில்லை. தேவையென்றால் யாரும் உரிக்கலாம், என்னைக் கேட்க வேண்டாம் என்று லயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நீ கோபித்தாலும் அதை மாற்ற மாட்டேன். போன் எடுத்தால் முதலில் தினேஸோடு பேசு, மரத்தைப் பற்றிப் பிறகு என்னிடம் கேள். பாதை வரும்வரை நோயாளியை அந்த வழியாகத்தான் தூக்க வேண்டும். நார்க் கயிறு இரண்டு சுருள் முறுக்கி அம்மாவின் சிலுவையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாதாவின் காவல் உனக்கு இருக்கட்டும்.

உன் அப்பா
மாணிக்கராஜ்