மறுநாள் ஓட்டல்

வானகரம்
10-7-1994

அன்புள்ள நைனாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

என்னோடு கூட்டி வந்த அம்மாவும் நானும் நலம். நீங்கள் கதவிடுக்கில் வைத்துச் சாத்திய அம்மாவின் கைக்குப் போன வாரம் மாவுக்கட்டு பிரித்தார்கள். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. எனக்கு வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் வேலை கிடைத்திருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, அமிலம் அளந்து வைக்க வேண்டும். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் பாட்டில் கழுவுகிறாளே என்று சிரிக்காதீர்கள். வேலை பிடித்திருக்கிறது.

வியாழக்கிழமை கோவிந்தன் சித்தப்பா காலேஜ் கேட்டுக்கு வந்தார். "எங்க அண்ணிய எங்கடி ஒளிச்சு வச்சிகீற? மரியாதியா அனுப்பு, இல்லாங்காட்டி மூஞ்சிய பேத்துருவேன்" என்று கத்தினார். தடுக்க வந்த வாட்ச்மேனைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினார். வாட்ச்மேனுக்கு முன்பல் போய்விட்டது. மறுபடி சித்தப்பாவை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
லோகநாயகி


ஆவடி குவார்ட்டர்ஸ்
18-7-94

அன்பு மகள் லோகாவுக்கு நைனா எழுதிக்கினது.

கோவிந்தன் பண்ணது தப்பு. அவன நாலு சாத்து சாத்தினேன். இனிமே அந்தப் பக்கம் வரமாட்டான்.

உங்கம்மா விசயத்துல நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்? கோவம் வந்திச்சி, கதவ சாத்தினேன். அவ கைய எடுத்திருக்கலாம்ல? சரி, வுடு. அவளே ஆடி கயிச்சு வந்துடறேன்னு பக்கத்து வூட்டு பேபிகிட்ட சொல்லி அனுப்பிச்சிட்டா. ஆவணி மொத ஞாயித்துக்கெயம வரட்டும். நீயும் வா. மூணு பேரும் அம்பத்தூர் போயி அதே ஓட்டல்ல சாப்புடலாம்.

ஞாபகம் கீதா ஒனக்கு? சைக்கிள் பார்ல துண்ட மடிச்சிப் போட்டு ஒன்ன குந்த வச்சிகினு போவேன். சர்வர் நாகப்பன் "இன்னா மேடம், வயக்கமானதா?" ன்னு கேப்பான். நீ வெக்கப்பட்டுகினு ரெண்டு வெரல காட்டுவ. ரெண்டு செட் பூரி. நான் டீ மட்டும் குடிச்சிகினு நீ துன்றத பாத்துகினு இருப்பேன். எந்த அப்பன் பொட்டப் புள்ளய அப்பிடி கூட்டினு போனான்? குவார்ட்டர்ஸ்ல யாரை வேணா கேளு.

இப்படிக்கு உன் நைனா
கோ. பரந்தாமன்


வானகரம்
24-7-1994

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மா சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் ஓட்டலுக்கு வரவில்லை. பூரி வாசனை பட்டாலே எனக்குக் குமட்டுகிறது. அதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

லோகநாயகி


ஆவடி
29-7-94

லோகா,

குமட்டுதா? நான் இன்னா வெசமா வச்சேன் அதுல? ஒனக்கு இன்னா கொற வச்சேன், அத சொல்லு மொதல்ல. ஒன் மேல ஒரு நாளாச்சும் கை வச்சிருப்பேனா? எல்லாம் படிச்ச திமிரு. ஆவணி மொத ஞாயித்துக்கெயம அவ வரலேன்னா நானே வந்து முடியப் புடிச்சி இஸ்துகினு வருவேன். நடுவுல நின்னா நீயும் வாங்குவ.

பரந்தாமன்


வானகரம்
7-8-1994

நைனாவுக்கு,

என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், என்னை நீங்கள் தொட்டதில்லை. அம்மாவை அடித்த மறுநாள் என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போவீர்கள். மற்ற நாளில் போனதில்லை. குவார்ட்டர்ஸில் யாரை வேண்டுமானாலும் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் நல்ல கவுன் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவதைப் பார்த்ததும் பேபி அக்கா வெந்நீர் போடுவார். நாம் திருப்பத்தைத் தாண்டியதும் ஒத்தடம் கொடுக்க நம் வீட்டுக்குள் போவார். நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை மூன்று மாதம் நீங்கள் அம்மாவை அடிக்கவேயில்லை. மூன்று மாதம் ஓட்டலும் இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு பத்மா, அவள் மாமா வாங்கித் தந்த பூரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றும்போது உங்களிடம் சொன்னேன்: "நைனா, அம்மா இன்னிக்கு மேட்னி ஷோ போச்சு."

போகவில்லை. அம்மா அன்று மத்தியானம் முழுக்க மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வரிசையில் நின்றார்.

நீங்கள் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கீழே வைத்திருந்த டிபன் கேரியரை எடுத்துக் காதோடு சேர்த்து அடித்தீர்கள். அம்மா விழுந்த பிறகும் அடித்தீர்கள். அடுக்குகள் கழன்று தரையெல்லாம் உருண்டன. காதிலிருந்து ரத்தம் வந்து ஜாக்கெட் தோள் நனைந்தது. "எங்கியும் போவலய்யா, கொயந்த மேல சத்தியமா எங்கியும் போவல" என்று அம்மா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீங்கள் அந்தக் காலாலேயே உதைத்தீர்கள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு எந்தக் கவுன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டு செட் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

அம்மாவுக்கு அந்த இடது காது அன்றோடு போயிற்று. நீங்கள் அதைச் செவிட்டுத்தனம் என்று கேலி செய்து இன்னும் சில தடவை அடித்திருக்கிறீர்கள்.

இதைப் போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார், ஒரு அறை விடுவார் என்று நினைத்தேன். "பசிச்சிருக்கும்டி ஒனக்கு" என்றார். பிறகு புடவைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கிவிட்டார். "எதுக்கும்மா போற? இந்தத் தடவ கொன்னுடுவாரு" என்றேன். "போவலேன்னா அந்தாளு இங்க வந்து ஒன்னிய அடிப்பான். ஒன் வேலயும் பூடும். அதுக்கு நானே போயிடறேன்" என்றார். மடங்காத அந்த இரண்டு விரலோடு பையின் ஜிப்பை இழுக்க முடியவில்லை. நான் உதவவில்லை. பல்லால் கடித்து இழுத்து மூடினார்.

நீங்கள் பயமுறுத்தி எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வழியில் நின்று பார்த்தேன், அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். என் பேச்சு அவரிடம் எடுபடாது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேச்சு ஒன்றைத்தான் அவர் மீறியதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் எழுதியதாக நானே ஒன்றை எழுதி வாசித்துவிடலாம், நம்பிவிடுவார். அம்மா விஷயத்தில் இன்னொரு பொய் சொல்ல என்னால் ஆகாது, நைனா.

உங்களிடம் வாய்விட்டு நான் எதுவும் கேட்டதில்லை. இதைத்தான் முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. அம்மாவுக்கு உங்கள் கையால் எழுதுங்கள்: "நீ இங்கு வர வேண்டாம். நானும் அங்கு வரமாட்டேன்." காரணம் எழுத வேண்டாம். என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அதையும் சேர்த்தே படித்துக் காட்டுகிறேன். இருபதாம் தேதி சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி தபாலில் போடுங்கள்.

லோகநாயகி